முஸம்மில் நானா சொன்ன வசனம்

செய்தியைச் சொன்னவர் எங்கள் உப்பளத்து ஸவூதா ராத்தா. காலையில் சிலாபத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. “மிஸ், முஸம்மில் சேர் மௌத்தாப் போயிட்டாரு. அஸருக்கு முந்தி அடக்கிருவாங்களாம்” என்றார். வந்த பஸ்ஸில் ஏறி, அலுவலகத்தில் இறங்காமல் நேரே அவர் வீடு இருக்கும் தில்லையடிக்குப் போனேன்.

ஜனாஸா வீட்டில் பெண்கள் இருந்த பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை தந்தார்கள். உறவுக்காரப் பெண் ஒருவர், வருகிறவர்களிடமெல்லாம் “சீனி வருத்தம்தான் கொண்டு போயிட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் கொண்டுபோனது டெங்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவருடைய மகளோடு நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் அந்த நீரிழிவு வருத்தத்தைக் கட்டி மேய்த்த மனிதர் அவர். ஒரு நுளம்பு செய்த வேலைக்குச் சீனி வருத்தம் பெயர் வாங்கிக்கொண்டு போவதை அவர் பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டார். செத்த வீட்டில் திருத்தம் சொல்வது அழகில்லை என்று நான் பேசாமல் இருந்தேன். உப்பளத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், இப்போது அங்கே இருப்பவர்களுக்கும் அந்தத் திருத்தத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது அவரைத் தேவலோகத்துக்கு அனுப்பிவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. முஸம்மில் நானாவுக்கு அது பொருந்தாது. முன்கோபி. ஒருவரைப் பாராட்ட வேண்டி வந்தால் பல்லுப் பிடுங்குவது போல முகத்தை வைத்துக்கொள்வார். கல்யாண வீட்டில் வட்டிலப்பத்தை ஒரு கை பார்த்துவிட்டு, கிளினிக்கில் தாதியிடம் “நான் இனிப்புப் பக்கமே போறதில்ல” என்று கூசாமல் சொல்வார். அவருடைய இரத்தப் பரிசோதனை அவரைக் காட்டிக்கொடுக்கும். அதற்கும் அந்தத் தாதியைத்தான் கோபிப்பார்.

யுத்தம் முடிந்த மறுவருடம் நான் அந்த உப்பளத்தின் அலுவலகத்தில் லிகிதராகச் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து முன்னேஸ்வரத்தில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. களத்துக்கு மேற்பார்வையாளர் முஸம்மில் நானா. உப்பளத்தில் களம் என்றால் பாத்திகளும், வரம்புகளும், உப்பு அம்பாரங்களும், அங்கே வேலை செய்கிற சனமும் எல்லாம் சேர்ந்ததுதான். லீவு நாளிலும் ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டுப் போவார். பெண்சாதி பிள்ளைகளைக்கூட அவர் அப்படிச் சுற்றிப் பார்த்திருப்பாரோ தெரியாது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

இன்னொரு பகிடி அவருடைய சப்பாத்து. களத்தில் எல்லாரும் வெறுங்காலோடு அல்லது தேய்ந்த செருப்போடு நிற்க, அவர் காலுறை போட்டு, கறுப்புச் சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு உப்புக்குள் நடப்பார். உப்புத் தண்ணீர் ஒரு பருவத்திலேயே சப்பாத்தைத் தின்றுவிடும். மறுபடி புதுசு வாங்குவார். உப்பு அள்ளும் பெண்கள் அவருக்கு ‘மாப்பிள்ளைச் சேர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். உப்புக் கல் காலை வெட்டினால் மற்றவர்களுக்கு அது ஒரு கீறல், அவருக்குக் கால் போகிற காரியம் என்பது அப்போது எங்களில் எவருக்கும் தெரியாது. தெரியவராதபடி அவர் பார்த்துக்கொண்டார். அவருக்கு முன்பு மேற்பார்வையாளராக இருந்தவருக்கு இதே வருத்தம் என்று தெரியவந்ததும் அவரை அலுவலக மேசைக்கு மாற்றினார்கள். மேசைக்குப் போனவர் அடுத்த பருவத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். முஸம்மில் நானா அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

உப்பு எடுக்கும் காலத்தில் களம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். பாத்தியில் உப்பு விளைந்துவிட்டால் அதைச் சுரண்டி, வரம்பில் குவித்து, தென்னோலைக் கிடுகால் மூடும்வரை ஒருவருக்கும் நித்திரை இல்லை. ஒரு பாட்டம் மழை போதும், மாதக்கணக்கான வேலை கரைந்துவிடும். தலைமையலுவலகம் கொழும்பில். அங்கேயிருந்து காலையிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு எடுத்தாச்சு, ஏன் பிந்துகிறது, லொறி ஏன் காத்து நிற்கிறது என்று கேட்பார்கள். அவர் தொலைபேசியை வைத்துவிட்டு எங்களிடம் சொல்வார்: “கொழும்பில மழை வந்தா குடை பிடிப்பாங்க. இங்க மழை வந்தா நான் என்னத்தப் பிடிக்கிற?”

அந்த வருடங்களில் நோன்பு, உப்பு எடுக்கும் காலத்தோடு சேர்ந்து வந்தது. குளிசை எடுக்கும் அவர் நோன்பு பிடிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வருத்தக்காரருக்கு நோன்பு கடமையில்லை என்று பள்ளிவாசல் மௌலவியும் சொல்லியிருந்தார். ஆனால் நோன்பை விட்டால் ஏன் விட்டீர்கள் என்று களத்தில் கேட்பார்கள். ஆகவே விடியுமுன் சஹர் நேரத்தில் குளிசையைப் போட்டுக்கொண்டு, நோன்பையும் பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்றார்.

ஒரு நாள் கொழும்பிலிருந்து முகாமையாளர் வந்திருந்தார். களத்து வரம்பில் நின்று ஒவ்வொரு பாத்தியையும் காட்டி, இது ஏன் எடுக்கவில்லை, அது ஏன் எடுக்கவில்லை என்று முஸம்மில் நானாவைத் துளைத்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்து வாங்குவதற்காகப் போய் நின்றேன். நன்றாக விளைந்த ஒரு பெரிய பாத்தி. சுரண்டுவதற்கு முன்பு அதில் நிற்கும் மிச்சத் தண்ணீரை வெளியே விடவேண்டும். அதற்கு ஒரு பக்கத்தில் கழிவு மடை இருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் கடலேரியைப் பார்த்து இருப்பது களப்பு மடை. அதைத் திறந்தால் களப்புத் தண்ணீர் உள்ளே வந்து உப்பைக் கரைத்துவிடும். முஸம்மில் நானா களப்பு மடைப் பக்கம் கையைக் காட்டி, “அதத் தொறங்க” என்றார்.

மடையில் நின்றவர் ஸவூதா ராத்தா. நாள் கூலிக்கு வேலை செய்பவர், அந்தக் களத்தில் எல்லாருக்கும் மூத்தவர். “சேர், களப்புப் பக்கமா?” என்று கேட்டார். அவர் “சொன்னதச் செய்ங்க” என்று கத்தினார். அவர் கத்துவது புதினம் இல்லை. அவர் சொல்லி ஸவூதா ராத்தா ஒரு நாளும் செய்யாமல் விட்டதும் இல்லை. பலகையைத் தூக்கிவிட்டார். தண்ணீர் பாத்திக்குள் பாய்ந்தது.

முகாமையாளர் ஏதோ கேட்க, முஸம்மில் நானா அவரையும் திட்டினார். நாக்குக் குழறியது. கால் பின்னியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகாமையாளர் ஓரடி பின்னால் போய், ‘இந்த ஆள் குடித்திருக்கிறான்’ என்று சிங்களத்தில் சொன்னார். களத்தில் நின்ற எல்லாருக்கும் சிங்களம் விளங்கும். நோன்பு மாதத்தில், நோன்பு பிடித்த மனிதரைப் பார்த்து, அவருடைய சனத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தை அது. எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன்.

எங்கள் அப்பாவுக்கும் இதே வருத்தம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் சலரோகம் என்போம். சாப்பாடு பிந்திய நாட்களில் அவர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு, சம்பந்தமில்லாமல் சண்டை பிடிப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். இரத்தத்தில் சீனி இறங்கினால் வருவது அது. லொறிச் சாரதியின் போத்தலில் இனிப்புத் தேத்தண்ணீர் இருந்தது. வாங்கிக்கொண்டு ஓடினேன். முஸம்மில் நானாவை வரம்பில் இருத்தி, “நானா, இதைக் குடியுங்கோ” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு “நோன்பு” என்றார். அவ்வளவு குழப்பத்திலும் அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது. என் கை தயங்கியது. நான் இந்துப் பெண். ஒரு முஸ்லிம் மனிதருடைய நோன்பை என் கையால் முறிப்பதா? ஸவூதா ராத்தா மடையை மூடிவிட்டு ஓடி வந்து என் பக்கத்தில் குந்தினார். “குடுங்க மிஸ். பாவம் இருந்தா என்ட தலையில” என்றார். அவரும் நோன்புதான். நான் போத்தலைச் சரித்தேன். கொஞ்ச நேரத்தில் முஸம்மில் நானாவின் கண் தெளிந்தது. பாத்தியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்திய நாள் அலுவலக விறாந்தையில் அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். “ராத்தா மடைய மாத்தித் தொறந்திட்டா எண்டு சொன்னா எல்லாருக்கும் லேசு, மிஸ். கூலி ஆள நிப்பாட்டிட்டு ஃபைல மூடிருவாங்க. ஒண்டும் சொல்லாட்டி நான் குடிகாரன். பள்ளிக்குப் போக ஏலாது. வருத்தம் எண்டு சொன்னா களம் போகும்.”

“நீங்கள் எதைச் சொல்லப்போறியள்?” என்று கேட்டேன்.

“அதத்தான் யோசிச்சிக்கிட்டிரிக்கேன்” என்றார். நான் ஒரு யோசனையும் சொல்லவில்லை. களம் என்னுடையது இல்லையே.

மறுநாள் அறைக்குள் முகாமையாளரும், கொழும்பிலிருந்து வந்த இன்னொருவரும், ஸவூதா ராத்தாவும், குறிப்பெடுக்க நானும் இருந்தோம். முஸம்மில் நானாவை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. நின்றபடி முதலில் சிங்களத்தில் சொன்னார். பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பி, அவருக்கு விளங்காமல் போய்விடக் கூடாது என்பது போல, அதையே தமிழில் சொன்னார். “எனக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குச் சாப்பிடாட்டி புத்தி தடுமாறும். களப்பு மடையத் தொறக்கச் சொன்னது நான்தான். இந்தப் பொம்பிளை என்னத் திருப்பிக் கேட்டாங்க. அப்பயும் நான்தான் தொறக்கச் சொன்னேன்.”

ஸவூதா ராத்தாவின் வேலை தப்பியது. குடித்தார் என்ற பழி நீங்கியது. களம் போனது. டொக்டரின் கடிதம் வந்த பிறகு அவர் களத்தில் இறங்கவே கூடாது என்று உத்தரவு போட்டு, என் அறையில் எனக்கு எதிர்மேசையில் கொண்டுவந்து இருத்தினார்கள். இது தண்டனை இல்லை, அவருடைய நன்மைக்குத்தான் என்று உத்தரவில் எழுதியிருந்தது. அதைத் தட்டச்சு செய்தவள் நான். அன்று அவர் சப்பாத்தைக் கழற்றி மேசைக்குக் கீழே வைத்தார்.

முன்னையவரைப் போல இவரும் வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. தொலைபேசி இப்போது அவருடைய மேசையில் இருந்தது. கொழும்பின் அழைப்பெல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது. ஒரு பரிசோதனைக் கருவி வாங்கி, ஒளிக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டார். ஒரு நாள் கொழும்போடு நெடுநேரம் வாக்குவாதப்பட்டுவிட்டு, விரலைக் குத்திப் பார்த்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “பாத்தீங்களா மிஸ்? வட்டிலப்பம் திண்டாக்கூட இவ்வளவு ஏறாது. இந்த மனுசன் ஃபோனில ஏத்திட்டான்.” அன்றிலிருந்து ஒரு வழி வைத்துக்கொண்டார். காலைச் சாப்பாட்டுக்கும் மதியத்துக்கும் இடையில் ஒரு சிறிய சாப்பாடு. பாண் துண்டோ, அவித்த கடலையோ, ஏதோ ஒன்று. அது முடியும்வரை யார் அழைத்தாலும் எடுக்கமாட்டார். முகாமையாளருக்கே அதைச் சொல்லிவிட்டார். சண்டை பிடிக்க வேண்டியிருந்தால் சாப்பிட்ட பிறகு எழும்பி, விறாந்தையில் இரண்டு நடை நடந்துவிட்டு வந்து பிடிப்பார்.

அவர் அடிக்கடி சொல்லும் ஒன்று உண்டு: “கோபம் வந்தா முதல்ல கையப் பாப்பேன், மிஸ். கை நடுங்கினா அது என்ட கோபமில்ல, பசிட கோபம். நடுங்காட்டி அது என்டதான். அப்ப தாராளமா ஏசலாம்.” தாராளமாக ஏசவும் செய்தார். அதில் குறை வைக்கவில்லை.

அடுத்த வருட நோன்பில் அவர் நோன்பு பிடிக்கவில்லை. ஆனால் மேலதிகாரிகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னவருக்கு, நோன்பு பிடித்த தன் சனத்துக்கு முன்னால் சாப்பிட முடியவில்லை. மதியத்தில் சாக்கு அறைக்குள் போய், அடுக்குக்குப் பின்னால் நின்றபடி அவசர அவசரமாக விழுங்குவார். நான் பார்த்தும் பாராதது போல இருந்தேன். ஸவூதா ராத்தாவுக்கு அந்த நாகரிகமெல்லாம் இல்லை. சாக்கு எடுக்க வந்தவர் அவரைக் கண்டார். வெளியே போய், என் அறைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்தார்.

“இரிந்து சாப்பிடுங்க சேர்.”

“நோன்பாளிகளுக்கு முன்னால எப்பிடி ராத்தா?”

“நோன்பு பிடிச்சிரிக்கிறது நாங்க. நீங்க சாப்பிட்டா எங்கட நோன்பு முறியாது. அண்டைக்கு நீங்க சொன்னீங்க, நான் மடையத் தொறந்தேன். இண்டைக்கு நான் சொல்றேன், இரிங்க.” அவர் இருந்தார்.

அன்று பின்னேரம் நோன்பு திறக்கும் நேரம். களத்து ஆண்கள் வழக்கம்போலச் சகன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர் ஒன்றாக இருந்து உண்பது இவர்களுடைய வழக்கம். முஸம்மில் நானா நோன்பு பிடிக்காதவர் என்பதால் அதில் தனக்குப் பங்கில்லை என்று முடிவெடுத்து, அலுவலகத்துக்குள்ளேயே இருந்தார். பாங்கு கேட்டது. அவர்கள் பேரீத்தம்பழத்தால் நோன்பைத் திறந்தார்கள். சகனில் கை வைக்கவில்லை. ஐந்து பேர் சுற்றி இருந்தார்கள், ஒரு இடம் வெறுமையாக இருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் எழும்பி, கையைக் கழுவிக்கொண்டு, வெறுங்காலோடு போய் அந்த இடத்தில் இருந்தார். எனக்கு அழுகை வந்தது. பஸ் தவறப்போகிறது என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

சில வருடங்களுக்குப் பிறகு அந்த வருத்தம் எனக்கும் வந்தது. அப்பாவின் சொத்து. கிளினிக்கிலிருந்து வந்த அன்றே எதிர்மேசையில் இருந்தவரிடம் மெல்லிய குரலில் சொன்னேன்.

“வேற ஆருக்குச் சொன்னீங்க?” என்று கேட்டார்.

“உங்களுக்கு மட்டும்தான் நானா.”

“எனக்குச் சொன்னது கணக்கில்ல. நான் வருத்தக்காரன். வருத்தமில்லாத ஆக்களுக்குச் சொல்லுங்க” என்று எழும்பிப் போய், களத்துப் பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டு, எனக்கு வழி விட்டு நின்றார். நான் முறைத்துப் பார்த்தேன். அவர் அசையவில்லை. கடைசியில் யன்னலுக்குப் போய், கீழே நின்ற ஸவூதா ராத்தாவையும் மற்றப் பெண்களையும் கூப்பிட்டுச் சொன்னேன். “அதுக்கென்ன மிஸ், நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் நான் அதே அறையில்தான் இருக்கிறேன். அவரை அடக்கம் செய்த மறு வாரம் அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. புது முகாமையாளர், புது மேற்பார்வையாளர், நீண்ட மேசை நிறையக் கடதாசி. பிந்திய வேலைகளைப் பற்றி ஆளுக்காள் குரலை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். பாதியில் நான் எழுந்தேன். “எனக்குச் சீனி வருத்தம். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்” என்றேன். முகாமையாளர் கடதாசியைப் புரட்டிக்கொண்டே தலையாட்டினார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முஸம்மில் நானாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வசனம். அதே கட்டடத்தில் அதை முதலில் சொன்னவர் தன் களத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் சொன்னபோது எனக்கு ஒன்றும் போகவில்லை.